நான்காண்டுச் சிப்பாய்: கடைநிலைப் படைவீரரின் காலவரம்பும் எட்டாத பதவி உயர்வும்

உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் அமைத்த விமான ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. போர் முடிந்தது, ஓடுதளத்தின் தேவையும் அதோடு முடிந்தது. அதே ஊரில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 10ஆம் அணி நிலைகொண்டுள்ளது. ஊரார் அதனைப் ‘பட்டாலியன்’ என்பர். போருக்கு மட்டும் தேவைப்பட்ட ஒன்று, நிலையாகத் தங்கிவிட்ட மற்றொன்று என இரண்டையும் ஒரே ஊரில் பார்க்கும் இளைஞர்கள், விடியுமுன் எழுந்து சாலையோரம் ஓடிப் பழகுகிறார்கள். அவர்கள் ஓடுவதும் இரண்டு கணக்குகளுக்காகத்தான். காவல் துறையின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் கடக்க வேண்டும். ராணுவத் தேர்வுக்கு 1.6 கிலோமீட்டர், நெடுங்காலம் 5 நிமிடம் 30 நொடி என்பதே அதில் முழு மதிப்பெண்ணுக்கான எல்லையாக இருந்தது.

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஒருங்கிணைந்த விழுப்புரம் மாவட்டத்து மக்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநில அளவில் இது 20 விழுக்காடு. எனவே அந்தச் சாலையோரங்களில் ஓடுகிறவர்களில் காலனிப் பிள்ளைகள் மிகுதியாக இருப்பதில் வியப்பில்லை. அவர்களிடம் அதிகம் பேசப்படாத ஒரு கேள்வியை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். ஓடி முடித்துச் சீருடை அணிந்தபின் ஓடத் தொடங்கும் காலக்கணக்கு எப்படிப்பட்டது? எத்தனை ஆண்டில் அடுத்த பதவி, எத்தனை ஆண்டில் ஓய்வூதியம், எந்த ஆண்டில் வெளியேற்றம் என்பனவற்றை யார் முடிவு செய்கிறார்கள்? படைத்துறையில் சாதிக்கு இடமில்லை என்று சொல்லப்படுகிறது. எழுத்தளவில் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் கடைநிலைப் பதவிகளின் காலவரம்பு சாதி பாராத ஒன்றன்று என்பதே நம் வாதம்.

பழைய கணக்கு

2022க்கு முன் ராணுவத்தில் சேர்ந்த சிப்பாய்க்கு 15 ஆண்டு பணி முடிந்தால் ஓய்வூதியத் தகுதி வந்துவிடும். அதற்குப்பின் அவர் எவ்வளவு காலம் நீடிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அவர் எட்டியுள்ள பதவி. சிப்பாயாகவே இருந்துவிட்டவர் பொதுவாக 17 முதல் 19 ஆண்டுகளில் வீடு திரும்புவார். நாயக் ஆனவருக்கு 22 ஆண்டு, ஹவில்தாருக்கு 24, நாயப் சுபேதாருக்கு 26, சுபேதாருக்கு 28 என எல்லை விரிந்துகொண்டே போகும். தகுதியுடையவர் எனத் தேர்வுக்குழு கருதினால் ஈராண்டு நீட்டிப்பும் கிடைக்கும். ஆகவே பதவி உயர்வு என்பது கையில் ஏறும் பட்டை மட்டுமன்று. பணியாற்றும் ஆண்டுகளையும் அதுவே கூட்டுகிறது. உயர்வு தள்ளிப்போனால் சம்பளம் குறைவதோடு நிற்காது. வெளியேற வேண்டிய நாளும் முன்கூட்டியே வந்து நிற்கும். முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயதில், பிள்ளைகள் பள்ளிப் படிப்பைக்கூட முடித்திராத காலத்தில், ஒரு மனிதர் ‘முன்னாள் ராணுவத்தினர்’ ஆகிவிடுகிறார்.

உலகின் பல படைகளில் இத்தகைய விதி உண்டு. அமெரிக்கப் படையிலும் குறிப்பிட்ட காலத்துக்குள் உயர்வு பெறாத கீழ்நிலை வீரர் நீடிக்க முடியாது. இளமையான படை வேண்டும் என்பதே எங்கும் சொல்லப்படும் காரணம். அந்தக் காரணத்தில் பொருள் இல்லை என்று நாம் சொல்லவில்லை. பனிமலையில் காவல் நிற்க ஐம்பது வயதுக்காரரை அனுப்ப இயலாது. அந்த இளமையின் விலையை யார் கொடுப்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

பதவி உயர்வுக்கு வருவோம். நாயக் ஆவதற்கும் ஹவில்தார் ஆவதற்கும் பணிமூப்பு வேண்டும். அதற்குரிய பயிற்சி வகுப்பில் தேர்ச்சி வேண்டும். உடல்தகுதி வகைப்பாடு குறையாமல் இருக்க வேண்டும். சுபேதார் வரிசைக்குப் போவதென்றால் மேலதிகாரி எழுதும் ஆண்டறிக்கை பெரிதும் எடை பெறும். இவை அனைத்தும் இருந்தும் காலியிடம் இல்லையென்றால் காத்திருக்கத்தான் வேண்டும். காலியிடமோ படை முழுமைக்கும் பொதுவானதன்று. அவரவர் படைப்பிரிவுக்குள், அவரவர் தொழிற்பிரிவுக்குள்தான் அது எழும். ஒரே நாளில் சேர்ந்த இருவரில் ஒருவர் பத்தாண்டுக்குள் நாயக் ஆவதும், மற்றவர் சிப்பாயாகவே ஊர் திரும்புவதும் இதனால்தான். இப்படித் தேங்கியவர்களுக்காகவே 8, 16, 24 ஆண்டுகளில் மேல்நிலைச் சம்பளம் தரும் திட்டம் வந்தது. 2006 ஜனவரி 1 முதலே அது படைவீரர்க்குப் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. இத்திட்டத்தில் சம்பளம் ஏறும், பதவி ஏறாது. பதவி ஏறாததால் பணிக்கால எல்லையும் நகராது.

தொழிற்பிரிவு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. ராணுவத்தில் ‘ட்ரேட்ஸ்மேன்’ என்றொரு வரிசை உண்டு. சமையல்காரர், சலவைத் தொழிலாளி, முடிதிருத்துபவர், செருப்புத் தைப்பவர், ‘ஹவுஸ் கீப்பர்’ என்று பெயர் மாற்றப்பட்ட துப்புரவாளர் ஆகியோர் இதில் அடங்குவர். துப்புரவாளர் பணிக்கும் உணவுக்கூடப் பணியாளர் பணிக்கும் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். கிராமத்தில் பிறப்பால் எந்த வேலைகள் யார் தலையில் கட்டப்பட்டனவோ அதே வேலைகள் இங்கே கல்வித் தகுதியின் வழியாகப் பிரிக்கப்படுகின்றன. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்த நேர்ந்தவர்கள் யார் என்று நம் ஊர்ப் பள்ளிகளைக் கேட்டால் தெரியும். இவ்வரிசையில் சேர்ந்தவரின் பதவி உயர்வு அந்தத் தொழிலுக்குள் எழும் காலியிடங்களைப் பொறுத்தது. சிறிய பிரிவுக்குள் ஏணியும் சிறியதாகத்தான் இருக்கும்.

2022க்குப் பின்

2022 ஜூன் 14 அன்று ஒன்றிய அரசு அக்னிபத் திட்டத்தை அறிவித்தது. அதிகாரி நிலைக்குக் கீழான ஆட்சேர்ப்பு இனிப் பெரும்பாலும் இதன் வழியாகவே நடக்கும். வயது 17½ முதல் 21 வரை. கொரோனாக் காலத்தில் சேர்ப்பு நடக்காததால் அந்த ஓராண்டுக்கு மட்டும் 23 வரை தளர்த்தினார்கள். முதலாண்டில் 46,000 பேரைச் சேர்ப்பதாக அறிவிப்பு. பயிற்சியையும் சேர்த்துப் பணிக்காலம் நான்கே ஆண்டு. முடிவில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினர் நிலையான பணிக்கு எடுத்துக்கொள்ளப்படலாம். எஞ்சியோர் வெளியேற வேண்டும்.

சம்பளம் முதலாண்டில் மாதம் 30,000 ரூபாய். நான்காம் ஆண்டில் 40,000. ஒவ்வொரு மாதமும் அதில் 30 விழுக்காடு ‘சேவா நிதி’ என்னும் தொகுப்பு நிதிக்காகப் பிடிக்கப்படும். அரசும் அதே அளவு செலுத்தும். வெளியேறும்போது வட்டியோடு சுமார் 11 இலட்சத்து 71 ஆயிரம் ரூபாய், வருமான வரியின்றிக் கைக்கு வரும் என்பது அறிவிப்பின் கணக்கு. ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம் இல்லை, கேன்டீன் வசதி இல்லை, ‘முன்னாள் ராணுவத்தினர்’ என்னும் தகுதியே இல்லை. இந்தக் கடைசி இழப்பைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்றிய அரசின் ‘சி’ பிரிவுப் பணிகளில் முன்னாள் ராணுவத்தினருக்கென 10 விழுக்காடு இடம் உள்ளது. அந்தக் கதவும் நான்காண்டு வீரருக்குத் தானாகத் திறக்காது. மாற்றாக, ஒன்றியத்தின் ஆயுதக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு 10 விழுக்காடு ஒதுக்கப்படும் என்று 2022லேயே அறிவித்தனர்.

பதினொன்றே முக்கால் இலட்சத்தைப் பெருந்தொகையாக எண்ணுவோருக்கு ஒரு கணக்கைச் சொல்லலாம். ஏழாவது ஊதியக் குழுவின்படி சிப்பாயின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய். ராணுவப் பணி ஊதியம் 5,200. இரண்டும் சேர்ந்து 26,900. ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி என்றாலும், வாதத்துக்காகச் சேர்ந்த நாள் சம்பளத்தையே வைத்துக்கொள்வோம், அகவிலைப்படியையும் விட்டுவிடுவோம். அப்போதும் மாதம் 13,450 ரூபாய் வரும், ஆண்டுக்கு 1,61,400. சேவா நிதி முழுவதும் இந்த மிகக் குறைந்த ஓய்வூதியத்தின் ஏழேகால் ஆண்டுக்குத்தான் ஈடாகும். பழைய முறையில் ஓய்வுபெற்ற சிப்பாய் முப்பது, நாற்பது ஆண்டு அதைப் பெற்றார். அவருக்குப்பின் அவர் மனைவி குடும்ப ஓய்வூதியம் பெற்றார். நிலம் உள்ள குடும்பத்துக்கு இந்த வேறுபாடு ஒரு குறையாக இருக்கும். காணி நிலமும் இல்லாத குடும்பத்தில் அந்த ஓய்வூதியமே நிலமாக இருந்தது. பஞ்சமி நிலத்தை இழந்து நூறாண்டாக மனுவோடு அலையும் மக்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பணியின் காரணமாக உயிரிழந்தால் 48 இலட்சம் காப்பீடும் 44 இலட்சம் கருணைத் தொகையும் உண்டு. ஆயினும் வழக்கமான வீரரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் தொடர் ஓய்வூதியம் இல்லை. அதை வழங்க வேண்டும் என்று பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே 2024இல் பரிந்துரைத்தது.

மீண்டும் சுழியத்திலிருந்து

வெளியேறும் முக்கால் பங்கினரைப் பற்றிப் பலரும் பேசியாயிற்று. நிலைநிறுத்தப்படும் கால் பங்கினரின் நிலையைப் பார்த்தவர் குறைவு. ‘அக்னிவீர்’ என்பது சிப்பாய்க்கும் கீழே, ஏற்கெனவே உள்ள எந்தப் பதவியிலும் சேராத தனிப் பதவி. திட்டத்தை எதிர்த்த வழக்குகளில், அது தனிப் பணிப்பிரிவு என்றும், அந்த நான்காண்டு வழக்கமான பணியாகக் கணக்கில் வராது என்றும் ஒன்றிய அரசு தில்லி உயர் நீதிமன்றத்தில் 2022 டிசம்பரில் கூறியது. நிலையான பணிக்குத் தேர்வானவர் அதன்பின் குறைந்தது 15 ஆண்டு பணியாற்ற வேண்டும். இந்த நிலைப்பாட்டின்படி ஒருவர் ஓய்வூதியத் தகுதிக்குச் சீருடையில் மொத்தம் 19 ஆண்டு கழிக்க வேண்டும். அவருடைய அண்ணனுக்கு 15 ஆண்டு போதுமானதாக இருந்தது. நாயக் பதவிக்கான பணிமூப்பு ஐந்தாம் ஆண்டில்தான் தொடங்கும். எட்டாண்டில் வரவேண்டிய முதல் மேல்நிலைச் சம்பளம், அவர் படையில் கால்வைத்த நாளிலிருந்து எண்ணினால் பன்னிரண்டாம் ஆண்டில் வரும். வென்றவர்க்கும் நான்காண்டுத் தாமதம் என்பது இத்திட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

தில்லி உயர் நீதிமன்றம் 2023 பிப்ரவரி 27 அன்று திட்டத்தைச் செல்லும் என்றது. மேல்முறையீடுகளை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஏப்ரல் 10 அன்று தள்ளுபடி செய்தது. எனவே திட்டத்தின் செல்லுபடி குறித்து நீதிமன்றத்தில் இனி எதிர்பார்க்க அதிகமில்லை. அது நடைமுறைப்படுத்தப்படும் விதம் குறித்துக் கேட்பதற்கு நிறைய இருக்கிறது.

முதன்மையான கேள்வி: அந்தக் கால் பங்கில் யார் இருப்பார்கள்? 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சி தொடங்கிய முதல் அணியினரின் நான்காண்டு 2026 இறுதி முதல் நிறைவடைகிறது. நான்காண்டுச் செயல்பாட்டை அளந்து, மதிப்பெண் இட்டு, நால்வரில் ஒருவரைத் தேர்வு செய்வர். ஓட்டமும் துப்பாக்கிச் சுடுதலும் அளவுகோலால் அளக்கப்படும். மேலதிகாரியின் மதிப்பீடு அப்படி அளக்கப்படுவதில்லை. ராணுவ ஆட்சேர்ப்பில் பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ இட ஒதுக்கீடு கிடையாது. வயதுத் தளர்வும் கிடையாது. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி இளைஞருக்குக் கிடைக்கக்கூடியது உயரத்தில் சில சென்டிமீட்டர்ச் சலுகை மட்டுமே. நுழைவில் இட ஒதுக்கீடு இல்லாத இடத்தில் நிலைநிறுத்தலிலும் பதவி உயர்விலும் அதை எதிர்பார்க்க முடியாது. 1995இல் 77ஆம் திருத்தத்தின் வழி அரசமைப்புச் சட்டத்தில் சேர்ந்த 16(4அ) பிரிவு, பதவி உயர்வில் பட்டியல் மக்களுக்கு இட ஒதுக்கீடு தர வழிசெய்தது. படைவீரரின் வாசலுக்கு அது வரவே இல்லை.

2022 ஜூலையில் ஒரு சர்ச்சை எழுந்தது. அக்னிபத் விண்ணப்பதாரரிடம் ஏன் சாதிச் சான்றிதழ் கேட்கிறீர்கள் என்று எதிர்க்கட்சியினர் கேட்டனர். இது புதிதன்று, நெடுங்காலமாக உள்ள நடைமுறைதான் என்று பாதுகாப்பு அமைச்சரும் ராணுவமும் விளக்கம் தந்தனர். விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு வீரரின் சாதியும் நெடுங்காலமாகக் கோப்பில் இருக்கிறது. சேர்ந்தவர் எத்தனை பேர், நாயக் ஆனவர் எத்தனை பேர், சுபேதார் ஆனவர் எத்தனை பேர் என்று சமூகவாரியாகக் கூட்டிச் சொல்லும் அறிக்கை மட்டும் பொதுவெளியில் இல்லை. சாதிப் பெயர் தாங்கிய படைப்பிரிவுகள் குறித்த வழக்கில், ஆட்சேர்ப்பு சாதி அடிப்படையில் நடப்பதில்லை, வீரர்களை வகுப்புவாரியாகத் தொகுப்பது நிர்வாக வசதிக்காகவே என்று 2013இல் உச்ச நீதிமன்றத்தில் ராணுவம் கூறியது. வசதிக்காகத் தொகுக்க முடிந்ததை நீதிக்காகவும் எண்ணிப் பார்க்கலாம்.

போருக்கு வேண்டும், அமைதிக்கு வேண்டாம்

குறுகிய காலத்துக்குத் தலித் மக்களைப் படையில் சேர்த்துப் பின் அனுப்பிவிடுவது அக்னிபத்தோடு தொடங்கியதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பறையர்கள் சிப்பாய்களாக இருந்தனர். 1780இல் தொடங்கப்பட்ட பயனியர் படையிலிருந்து வளர்ந்த மதராஸ் சாப்பர்ஸில் அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பணியாற்றினர். ‘குயின்ஸ் ஓன் சாப்பர்ஸ்’ என்னும் படையின் பெயரே மருவிக் ‘குயின்சாப்’ என்று அவர்களில் ஒரு பிரிவினரின் சாதிப்பெயர் போலாயிற்று என்று இனவரைவியல் நூல்கள் பதிவு செய்துள்ளன. பிறந்த சாதியின் பெயரைக் களைந்து படையின் பெயரைச் சூடிக்கொள்ள மனிதர்கள் விரும்பினார்கள் என்றால், அந்தச் சீருடை அவர்களுக்கு என்னவாக இருந்தது என்பதை ஊகிக்கலாம்.

1881 முதல் சென்னைப் படைக்கும், 1885 முதல் 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், ‘போர்க்குணமுள்ள இனங்கள்’ என்னும் கோட்பாட்டை நிலைநாட்டினார். தென்னிந்தியர் போருக்குத் தகுதியற்றவர் என்பது அவர் முடிவு. சென்னைப் படைப்பிரிவுகள் சுருங்கின. பம்பாய்ப் பக்கத்தில் 1892-93 வாக்கில் மகர்களைச் சேர்ப்பதே நிறுத்தப்பட்டது. அங்கே பதவி உயர்வும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. மகர் ஒருவர் சுபேதார் ஆனால், அவருக்கு வணக்கம் செலுத்த உயர்சாதிச் சிப்பாய் மறுப்பான் என்னும் வாதம் அக்காலத்தில் கூச்சமின்றிச் சொல்லப்பட்டது. 1818இல் பீமா கோரேகானில் போரிட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நேர்ந்தது இது.

அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் அந்தக் கதவு மூடுவதற்கு முன் உள்ளே சென்று சுபேதார் நிலைவரை உயர்ந்தவர். அம்பேத்கர் 1891இல் பிறந்ததே மௌ பாசறையில்தான். படைவீரரின் பிள்ளைகளுக்குக் கிடைத்த கல்வியும், ஓய்வுபெற்ற சுபேதாரின் வருமானமும் அந்த வீட்டில் இருந்தன. ராம்ஜி நான்காண்டில் திருப்பி அனுப்பப்பட்டிருந்தால் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கதவு மூடப்பட்டதும் ஓய்வுபெற்ற மகர் வீரர்கள் வாளா இருக்கவில்லை. 1894இல் கோபால் பாபா வலங்கர் மனு எழுதினார். 1910இல் சிவராம் ஜன்பா காம்ப்ளே முன்னின்று, இந்தியாவுக்கான அமைச்சருக்கே மனு அனுப்பினார். கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. படையிலும் காவல் துறையிலும் கீழ்நிலைப் பணிகளில் எங்களைச் சேருங்கள் என்பதுதான்.

மனுவுக்குச் செவிசாய்க்காதவர்கள் போர் வந்ததும் தேடி வந்தார்கள். 1917இல் 111ஆம் மகர் படைப்பிரிவு எழுப்பப்பட்டது. போர் முடிந்தபின் 1921இல் கலைக்கப்பட்டது. இரண்டாம் போரில், 1941 அக்டோபரில் மகர் படைப்பிரிவு மீண்டும் எழுந்தது. அம்பேத்கரின் வலியுறுத்தலும் அதற்குப் பின்னே இருந்தது. அது இன்றளவும் நிலைத்திருக்கிறது. 1943இல் எழுப்பப்பட்ட சமார் படைப்பிரிவு கோகிமாவில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டது; 1946இல் கலைக்கப்பட்டது. மூன்றாண்டில் ஒரு படைவீரர் எந்தப் பதவியை எட்டியிருக்க முடியும்? எந்த ஓய்வூதியத்தைப் பெற்றிருக்க முடியும்? அமெரிக்காவின் கறுப்பின வீரர்களும் இதே போரிலிருந்து திரும்பி, 1944ஆம் ஆண்டின் முன்னாள் வீரர் நலச் சட்டம் தந்த வீட்டுக்கடனும் கல்வியும் தங்களுக்கு மட்டும் உள்ளூர் அலுவலகங்களில் மறுக்கப்படுவதைக் கண்டனர். சட்டத்தின் சொற்களில் நிறம் இல்லை. நடைமுறையில் இருந்தது. அங்கு 1948இல் படையில் இனப்பாகுபாட்டை நீக்கும் ஆணை வந்ததும், பின்னர் யார் எத்தனை பேர் என்று எண்ணி வெளியிடும் வழக்கம் வளர்ந்ததும் போராட்டத்தின் விளைவுகள்.

பட்டாலியன் கணக்கு

உளுந்தூர்பேட்டைப் பட்டாலியனுக்குத் திரும்புவோம். அங்கும் துப்பாக்கி உண்டு, அணிவகுப்பு உண்டு, நாயக், ஹவில்தார் என்னும் பதவிப் பெயர்களும் உண்டு. வேறுபாடு நுழைவாயிலில் இருக்கிறது. மாநிலத்தின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டின்படி பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 26 என்றால் பட்டியல் மக்களுக்கு 31 வரை தளர்வு. சேர்ந்துவிட்டால் 60 வயது வரை பணி.

பதவி உயர்வோ இங்கும் நத்தை நடைதான். இரண்டாம் நிலைக் காவலர் முதல் நிலைக் காவலராகப் பத்து ஆண்டு; மேலும் ஐந்தாண்டில் தலைமைக் காவலர்; மேலும் பத்தாண்டில் சிறப்பு உதவி ஆய்வாளர். நெடுங்காலம் நடைமுறையிலிருந்த கணக்கு இது. அரசாணைகள் இடையிடையே இதைத் திருத்தியுள்ளன. மொத்தம் 25 ஆண்டு. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 22 வயதில் சேர்ந்தவர் 47 வயதில் சிறப்பு உதவி ஆய்வாளர் ஆகி, அப்பதவியில் 13 ஆண்டு இருப்பார். வயதுத் தளர்வைப் பயன்படுத்தி 31இல் சேர்ந்த தலித் காவலர் 56 வயதில் அதை எட்டுவார்; நான்கே ஆண்டில் ஓய்வு. தாமதமாகச் சேர்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் வறுமையும் முதல் தலைமுறைப் படிப்பும். நுழைவில் அதற்கு ஈடு செய்யும் அரசு, ஏணியின் மேற்படிகளில் அதே வயதைச் சுமையாக ஏற்றிவிடுகிறது. இட ஒதுக்கீடு பற்றிய நம் பேச்சு நுழைவாயிலோடு நின்றுவிடும்போது இது கண்ணில் படுவதில்லை.

அப்படியிருந்தும் நம்மிடம் வழி கேட்கும் இளைஞருக்கு இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டவே செய்வோம். ஒன்றில் காலம் மெதுவாகவேனும் மேலே ஏற்றுகிறது. மற்றொன்றில் அதே காலம் நால்வரில் மூவரை வெளியே அனுப்புகிறது. ராணுவத்துக்குப் போகாதே என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. கணக்கு தெரிந்து போகட்டும் என்பதே நம் விருப்பம்.

ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குச் சில வழிகள் உண்டு. உரிய பதவி உயர்வு மறுக்கப்பட்டதாகக் கருதும் படைவீரர், 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி மேலதிகாரியிடம் எழுத்து வழி முறையீடு செய்யலாம். அதில் தீர்வு கிடைக்காவிட்டால் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆயுதப் படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்; சென்னையில் அதன் அமர்வு உள்ளது. இறுதி ஆணை வந்த ஆறு மாதத்துக்குள் மனு அளிக்க வேண்டும் என்பதால், முறையீட்டின் படியையும் அஞ்சல் ஒப்புகையையும் வீட்டுக்கு அனுப்பி வைப்பது நல்லது. சாதிக் காரணம் இருப்பதாகத் தெரிந்தால் அரசமைப்பின் 338ஆம் பிரிவின்கீழ் இயங்கும் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்துக்கும் எழுதலாம். பணியிலிருப்பவர் சங்கம் சேரவோ பத்திரிகைக்குப் பேசவோ 33ஆம் பிரிவின் வழி கட்டுப்பாடு உண்டு. ஆகவே பேச வேண்டிய வேலை வெளியே இருக்கும் நம்முடையதாகிறது.

கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் காவல் படை முதலியவை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்று, பெருமளவு விலக்குப் பெற்றுள்ளன. ராணுவம் அந்த அட்டவணையில் இல்லை. பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம்: முதல் அணியில் சேர்ந்த அக்னிவீரரில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர்? அவர்களில் ட்ரேட்ஸ்மேன் வரிசையில் எத்தனை பேர்? நிலையான பணிக்கு எடுக்கப்பட்டோரில் எத்தனை பேர்? மதிப்பீட்டில் மேலதிகாரி இடும் மதிப்பெண்ணின் பங்கு எவ்வளவு? பெயர் வேண்டாம், படைப்பிரிவு வேண்டாம், எண் மட்டும் போதும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டால், பாதுகாப்புக் காரணம் காட்டி மறுப்பது கடினம். 30 நாளில் பதில் வர வேண்டும். மறுத்தால் முதல் மேல்முறையீடு, அதன்பின் மத்தியத் தகவல் ஆணையம். அனுப்பும் விண்ணப்பத்தின் படியையும் வரும் பதிலையும் எமக்கு அனுப்புங்கள். மாவட்டவாரியாகத் தொகுத்து வெளியிடுகிறோம்.